சனிக்கிழமை தருகிறேன்

லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் தலையை மட்டும் உள்ளே நீட்டி, பொத்தான்களுக்கு மேலே தொங்கும் அட்டையைப் படிக்கிறாள். தேதி, செய்த வேலை, கையெழுத்து. மூன்றும் ஒழுங்காக இருந்தால்தான் லிஃப்டுக்குள் காலை வைப்பாள். பின்னால் நாம் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருப்போம். அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. இத்தனைக்கும் அந்த அட்டையில் இருப்பது அவளைப் பெற்ற அப்பனின் கையெழுத்து.

"உங்கப்பா போட்டதுதானேடி, அதுல என்ன சந்தேகம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சந்தேகம் இல்ல அத்தை. போட்டிருக்காரான்னு பாக்கணும்ல" என்றாள். நானும் பையைக் கீழே வைத்துவிட்டு அட்டையைப் படித்தேன்.

வயது பத்து. ஐந்தாம் வகுப்பு. இரட்டைப் பின்னலில் ஒன்று எந்நேரமும் அவிழ்ந்தே இருக்கும். வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு, ஆனால் அதை வருகைப் பதிவேட்டைத் தவிர யாரும் பயன்படுத்துவதில்லை. எங்கள் கட்டடத்துக்கும் பள்ளிக்கும் அவள் 'மைக்கு'. காரணம் தொண்டை. பள்ளி மைதானத்துக்கும் எங்கள் கட்டடத்துக்கும் நடுவே ஒரு மதில்தான். மழை வந்தால் அவள் மைதானத்தில் நின்றபடி "அம்மா, குடை" என்பாள். நான்காம் மாடியில் அவள் அம்மா எட்டிப் பார்ப்பாள். இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி, எதிர்க் கட்டடம், எல்லா வீட்டு அம்மாக்களும் சேர்ந்து எட்டிப் பார்ப்பார்கள்.

அவளிடம் இன்னொரு கோளாறு உண்டு. வாக்குக் கொடுக்கமாட்டாள். "நாளைக்கு என் பிறந்தநாளுக்கு வருவியா?" என்று தோழி கேட்டால், "வர்றதாத்தான் இருக்கேன். சத்தியம் பண்ணமாட்டேன்" என்பாள். "ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்" என்று நாம் எல்லோரும் நாக்கில் நரம்பில்லாமல் சொல்கிறோமே, அதை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. "எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியல" என்பாள். தப்பித் தவறிக் கொடுத்துவிட்டாளோ, தொலைந்தோம். நான் பத்து நாள் வெளியூர் போனபோது என் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதாக ஒப்புக்கொண்டாள். அந்தப் பத்து நாளும் அடைமழை. மொட்டைமாடியில் குடை பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்த செடிகளுக்குக் குடம் குடமாக ஊற்றியிருக்கிறாள். ஊரிலிருந்து வந்து பார்த்தால் ஆறு தொட்டியும் அழுகிப்போயிருந்தது.

"மழை பெஞ்சா ஊத்த வேண்டாம்னு நீங்க சொல்லலையே அத்தை" என்றாள். வாஸ்தவம், சொல்லவில்லை.

இது அப்பன் வழிக் குணம். அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு தான் மட்டும் உள்ளே ஏறி, மேலும் கீழுமாக மூன்று முறை போய்வந்த பிறகே அட்டையில் கையெழுத்துப் போடுவார். ஒருமுறை ஒரு கட்டடக்காரர், "நாளைக்கு ஆய்வுக்கு வர்றாங்க, இன்னைக்குக் கையெழுத்தைப் போட்டுடு, வேலையை அப்புறம் பாத்துக்கலாம்" என்றிருக்கிறார். இவர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கட்டடத்து வேலையும் போயிற்று, அந்த மனிதருடைய வேறு இரண்டு கட்டடங்களின் வேலையும் போயிற்று. அந்த வருடம் மைக்குவுக்குப் புதுப் பள்ளிப் பை கிடையாது, பழைய பைக்கே புது ஜிப். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவள் அம்மா மட்டும், "என் வீட்டுல ரெண்டு அரிச்சந்திரன். நான் ஒருத்திதான் மனுஷி" என்று சொல்லிச் சிரிப்பாள்.

இப்படிப்பட்ட பெண்ணிடம் போய் உறுதிமொழி அட்டையைக் கொடுத்தார்கள்.

அந்தப் பள்ளியில் தினமும் காலையில் கொடியேற்றிவிட்டு ஆறு வரி உறுதிமொழி சொல்வார்கள். ஐந்தாம் வகுப்பில் எந்தக் குழந்தைக்குக் குரல் நன்றாக இருக்கிறதோ அது மேடையில் ஏறி ஒவ்வொரு வரியாகச் சொல்ல, மற்ற நானூற்றுப் பதினொரு பேரும் திருப்பிச் சொல்ல வேண்டும். முடிந்ததும் மேடைக் குழந்தை ஒரு நோட்டில், 'சொல்லித் தந்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடும். இந்தப் பதவிக்காக மைக்கு முதல் வகுப்பிலிருந்தே காத்திருந்தாள். ஜூன் மாதம் விளையாட்டு வாத்தியார் அட்டையை அவள் கையில் கொடுத்த அன்று, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் நாலு மாடியும் ஓடியே ஏறினாள்.

அன்று மாலையே அட்டையை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நாலு வருடமாகக் கும்பலோடு கும்பலாகக் கத்திய வரிகள்தான். ஆனால் கையெழுத்துப் போட வேண்டும் என்றதும் முதல்முறையாக உட்கார்ந்து படித்திருக்கிறாள்.

"இது என் நாடு. சரி. இதன் மண்ணை மதிப்பேன். சரி. மக்களோடு கூடி வாழ்வேன். எங்க கிளாஸ்ல ஒருத்தி இருக்கா, அவளோட மட்டும் கஷ்டம், ஆனா வாழ்ந்துடலாம். சட்டத்துக்குப் பணிவேன். சரி." அடுத்த வரியில் விரலை வைத்தாள். "'இதன் கொடிக்காக என் உயிரையும் தருவேன்.' அத்தை, உயிரைத் தர்றதுன்னா செத்துப்போறதுதானே?"

"ஆமாம்" என்றேன்.

"நெஜமாவா, சும்மாவா?"

"அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்றதுடி."

"பேச்சுக்குச் சொல்றதுக்கு எதுக்குக் கையெழுத்து?" என்றாள். நான் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே நழுவிவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை ஒன்றும் இல்லை.

மறுநாள் அவள் வாத்தியாரிடம் போயிருக்கிறாள். இவர் நல்ல மனிதர். எள் என்றால் எண்ணெயாக நிற்பார். விசில் கழுத்தில் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. மைக்கு போனபோது அவர் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். "சார், அஞ்சாவது வரி மட்டும் நான் சொல்லமாட்டேன். அதை நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். பம்பை மிதித்துக்கொண்டே அவர், "சரி சரி, சொல்லிடலாம்" என்றிருக்கிறார். நாம் யார் 'சரி சரி' என்றாலும் அதற்கு 'இப்போது தொந்தரவு செய்யாதே' என்றுதான் பொருள். மைக்குவுக்கு அது வாக்கு.

திங்கட்கிழமை காலை. என் பால்கனியிலிருந்து பார்த்தால் மைதானம் தட்டில் வைத்ததுபோல் தெரியும். தேநீரோடு வந்து உட்கார்ந்தேன். பின்னல் இரண்டும் அன்று அவிழாமல் இருந்தன. மேடையில் நின்று நாலு வரியைச் சொன்னாள் பாருங்கள், பக்கத்துத் தெரு நாய்கூட எழுந்து நின்றிருக்கும். நாலாவது வரி முடிந்தது. அவள் அட்டையை இறக்கிக்கொண்டு வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் நெஞ்சை நிமிர்த்திக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கு காத்திருந்தாள். பிறகு அதே குரலில் நினைவூட்டினாள்.

"சார், உங்க வரி."

நானூற்றுப் பதினொரு தொண்டைகள் திருப்பிச் சொல்லின: "சார், உங்க வரி."

வாத்தியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மைக்கு, "நீங்கதான் சொல்றேன்னு சொன்னீங்க" என்றாள்.

"நீங்கதான் சொல்றேன்னு சொன்னீங்க" என்றது பள்ளி, முஷ்டியை நெஞ்சில் வைத்தபடி.

அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "இது உங்களுக்கு இல்ல."

"இது உங்களுக்கு இல்ல."

"திருப்பிச் சொல்லாதீங்க."

"திருப்பிச் சொல்லாதீங்க."

அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டாள். பள்ளியும் மூடிக்கொண்டது. என் பால்கனியில் தேநீர் முழுக்கப் புடவையில் கொட்டியிருந்தது, அது சுடுகிறது என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கடைசியில் அவள் நிமிர்ந்து ஆறாவது வரியைச் சொன்னாள்.

"இது உறுதி."

"இது உறுதி" என்றார்கள் அத்தனை பேரும். வாத்தியார் அதற்குள் விசிலைக் கண்டுபிடித்து ஊதிவிட்டார்.

மேடைப் பதவி அன்றைக்கே போயிற்று. அது அவளுக்குப் பெரிய வலி. நாலு வருடக் கனவு இல்லையா. மாலையில் லிஃப்டில் என்னோடு ஏறியவள், அட்டையைப் படித்து முடித்துவிட்டு, அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமே இல்லை. அந்தத் தொண்டைக்குச் சத்தமில்லாமல் அழத் தெரியும் என்பது எனக்கு என்னமோ செய்தது. அவள் அம்மா, "போனாப் போகுது விடு, தொண்டையாவது மிச்சம்" என்று சிரிக்கவைக்கப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வியாழக்கிழமை கல்வித் துறை மேலதிகாரி வருகிறார், 'மாணவர் அனைவரும் உறுதிமொழி எடுத்துக்கொண்டனர்' என்ற படிவத்தில் தலைமை ஆசிரியை கையெழுத்திட வேண்டும். செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு அழைப்பு வந்தது. அவர் என் வீட்டுக் கதவைத் தட்டி, "நீங்களும் வாங்கக்கா. பத்திரிகையில எழுதறவங்க, நாலு வார்த்தை பேசுவீங்க. எனக்கு மோட்டார்கிட்டதான் பேச வரும்" என்றார். போனேன். நான் பேசியது ஒரு வார்த்தைகூட இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தலைமை ஆசிரியை கெட்டவர் இல்லை. களைத்திருந்தார், அவ்வளவுதான். மேஜையில் அந்தப் படிவம் இருந்தது. வாத்தியார் ஜன்னலோரம் நின்றார், மைக்கு மேஜைக்கு எதிரே.

"நீ மேடைக்கு வர வேண்டாம். வரிசையில நில்லு. அந்த ஒரு வரிக்கு வாயை மட்டும் அசை. சத்தம் வர வேண்டாம். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் வாத்தியார், கெஞ்சுகிற மாதிரி.

"எனக்குத் தெரியுமே சார்."

"மாட்டேன்னா நான் மேல எழுதிப் போடணும்மா" என்றார் தலைமை ஆசிரியை. "அவங்க வேற ஸ்கூல் பாத்துக்கச் சொன்னாலும் சொல்லுவாங்க. அடுத்த ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாறணும், தெரியுமில்ல?"

அப்பாவின் முகம் செத்துவிட்டது. மகள் பக்கம் குனிந்தார். "சொல்லிடு செல்லம். சும்மா ஒரு வார்த்தைதானே."

மைக்கு அவரைப் பார்த்தாள். கோபமாக இல்லை. கணக்குப் புரியாதபோது பார்ப்பாளே, அப்படி. "அந்தக் கட்டடக்காரரும் சும்மா ஒரு கையெழுத்துன்னுதானேப்பா சொன்னாரு?"

அப்பா தன் நகக்கண்ணிலிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டே நின்றார். துவைத்துக் காயப்போட்ட சட்டை மாதிரி ஆகிவிட்டது அவர் நிலை.

"பயமா இருக்காம்மா உனக்கு? சாவுன்னா?" என்று தலைமை ஆசிரியை கொஞ்சம் இறங்கிவந்து கேட்டார்.

"பயமும் இருக்கு மேடம். ஆனா அது இல்ல." முதல்முறையாகத் தயங்கினாள். "ஏற்கெனவே குட்டிக்குத் தந்துட்டேன்."

குட்டி அவளுடைய தங்கை, மூன்று வயது. போன வருடம் காய்ச்சலில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். இவள் கண்ணாடிக்கு வெளியே நாளெல்லாம் நின்றிருக்கிறாள்.

"அப்ப சொன்னேன். நீ பொழச்சு வா, என் உயிரை வேணா உனக்குத் தர்றேன்னு. அவ வந்துட்டா. இருக்கறது ஒரு உயிர். அதை ரெண்டு பேருக்குத் தர்றேன்னு எப்படி மேடம் சொல்றது?"

"யார்கிட்டயும் சொல்லலையேடா" என்றார் அப்பா.

"மெதுவாத்தான் சொன்னேன்."

வாத்தியார் விசிலைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு என் பள்ளி நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. வருடத்துக்கு இருநூறு நாள் வீதம் பத்து வருடம், இரண்டாயிரம் தடவை உயிரைத் தந்திருக்கிறேன். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தைக்கூட ஒருவருக்கும் தந்ததில்லை. வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது.

அப்பா நிமிர்ந்தார். மோட்டாரிடம் மட்டும் பேச வரும் என்றவர், தெளிவாகப் பேசினார். "மேடம், என் பொண்ணு சொல்லமாட்டா. ரெண்டு பஸ் மாறணும்னா நான் கொண்டுபோய் விடறேன்."

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பாதி அலுப்பும் பாதி கேலியுமாக, "உயிர் இல்ல. சரி. வேற என்னதான்டி தருவே நாட்டுக்கு?" என்றார். பதிலை எதிர்பார்த்து அவர் கேட்கவில்லை. ஆனால் இவளிடம் ஒன்றைக் கேட்டால் கேட்டதுதான். மின்விசிறியைப் பார்த்து யோசித்தாள். விரல் விட்டு எண்ணினாள். திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கு. ஞாயிறு குட்டியைக் குளிப்பாட்டி விளையாட்டுக் காட்ட.

"சனிக்கிழமை தர்றேன் மேடம். காலையில எட்டுலேர்ந்து பத்து வரைக்கும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"இந்த ஸ்கூல்ல இருக்கற வரைக்கும். அதுக்கப்புறம் அப்ப பாத்துட்டுச் சொல்றேன்."

தலைமை ஆசிரியை சிரித்துவிட்டார். சிரித்த பிறகு கடுமையாக இருப்பது யாருக்கும் கஷ்டம். "வியாழக்கிழமை வரிசையில நில்லு. போ" என்றார்.

வியாழக்கிழமை தேநீர்கூடப் போடாமல் பால்கனியில் நின்றேன். அதிகாரி வந்தார், வரிசைகளுக்கு நடுவே நடந்தார். மேடையில் வாத்தியாரே ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிக்கொடுத்தார், மைக்குவுக்கு ஈடான தொண்டை வேறு கிடைக்கவில்லை. அஞ்சாவது வரி வந்தபோது மைக்கு நிமிர்ந்து நின்றபடி வாயை மூடிக்கொண்டாள். அதிகாரி சரியாக அவள் எதிரில் நின்றிருந்தார்.

அதன் பிறகு அலுவலகத்தில் நடந்ததை வாத்தியார் மதில் மேலாக எட்டி எனக்குச் சொன்னார். தலைமை ஆசிரியை படிவத்தை எடுத்து, 'அனைவரும்' என்பதை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'ஒருவர் நீங்கலாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "ஒரு குழந்தைக்காக ஃபாரத்தைக் கெடுக்கறீங்களே மேடம்" என்றாராம் அதிகாரி. "கையெழுத்து என்னோடது சார்" என்றாராம் இவர். மேலிடத்திலிருந்து கடிதம் வரும் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். ஐந்து மாதமாகிறது, இன்னும் வரவில்லை. வந்தால் வந்தபோது பார்த்துக்கொள்ளலாம் என்று தலைமை ஆசிரியை இருக்கிறார். எனக்குத்தான் தபால்காரரைக் கண்டால் இப்போதும் பக்கென்கிறது.

சனிக்கிழமைகளில் எட்டு மணிக்கு மைக்கு வந்துவிடுகிறாள். மைதானத்தில் காகிதம் பொறுக்குகிறாள், குழாயடியில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிடுகிறாள். முதல் சனிக்கிழமை பிடித்த வேலை கொடிக்கம்பம். அதன் உச்சியிலிருக்கும் உருளை பல வருடமாகக் கிரீச்சிட்டு, ஏற்றும்போது கொடி அடிக்கடி பாதியில் சிக்கிக்கொண்டிருந்தது. அப்பாவை ஏணியோடு வரவழைத்து, உருளைக்குக் கிரீஸ் போடவைத்தாள். கயிற்றை அவளே மாற்றினாள். வாரம் ஒருமுறை அதைப் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். கம்பத்தடியில் ஓர் அட்டையும் தொங்குகிறது, லிஃப்டில் இருப்பது போலவே கோடு போட்டது. தேதி, செய்த வேலை, கையெழுத்து. நாலாவதாக ஒரு கட்டம்: 'சரிபார்த்தவர்'. அது வாத்தியாருக்கு. ஒரு வரிசை முழுக்க வெறுமையாக இருக்கிறது, குட்டிக்கு வயிற்றுவலி வந்த வாரம் அது. இட்டு நிரப்பியிருக்கலாம். செய்யவில்லை.

போன சனிக்கிழமையும் என் பால்கனியிலிருந்து பார்த்தேன். பத்து மணி. மைக்கு தன் இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வாத்தியார் பந்தை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு அவசரமாக வந்தார்.

"சரி சரி, குடு" என்று பேனாவுக்குக் கையை நீட்டினார்.

மைக்கு பேனாவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மோவாயால் கயிற்றைக் காட்டினாள். வாத்தியார் அவளைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். பந்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து மேலே இழுத்தார், கீழே இழுத்தார். சத்தமே இல்லை. மூன்றாவது தடவை அவர் இழுத்து முடித்த பிறகுதான் பேனா முன்னால் வந்தது.